முந்தானை மண்

ராஸ்காமன், அயர்லாந்து
10 ஆகஸ்ட் 2025

அண்ணி,

போனில் என் எண்ணை முடக்கி வைத்துவிட்டீர்கள். தபால்காரரை முடக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். அண்ணனிடம் பேசலாம் என்றால், "சாப்ட்டியா? சரி, ஷிப்டுக்கு நேரமாச்சு" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் பெல்ட் ஓடுகிற சத்தத்துக்குள்ளேயே இத்தனை வருடம் நின்றவர், வீட்டிலும் அந்தச் சத்தம் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் போல.

முதியோர் இல்லத்து வேலை பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊர்க்காரர்களோடு நடக்கப் போகிறேன். வழிகாட்டி கிடையாது, டிக்கெட் கிடையாது. ஒருவருக்கு ஒரு கல்லைப் பற்றித் தெரியும், இன்னொருவருக்கு ஒரு கிணற்றைப் பற்றித் தெரியும், மூன்றாமவருக்கு அந்தக் கிணற்றில் யார் எதற்காக வேண்டிக்கொண்டார்கள் என்பது தெரியும். அவரவர் அறிந்ததைச் சொல்லிக்கொண்டே நடப்பார்கள். நோரா கெராட்டி என்று ஒரு பாட்டி, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோரையும் திருத்திக்கொண்டே வருவார். கையில் விளம்பரத் தாளோடு வருகிற சுற்றுலாக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. உங்களுக்கும் அவருக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

போன வாரம் ஒரு வயலுக்கு நடுவே வட்டமான மண்மேடு ஒன்றைப் பார்த்தோம். ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது, அதன் மேல் ஒரு முள்மரம். நிலத்துக்காரர் டிராக்டரை அந்த மேட்டைச் சுற்றித்தான் ஓட்டுகிறார். மேடு அதற்குள் குடியிருப்பவர்களுடையதாம். யார் என்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டார்கள், "நல்லவர்கள்" என்று மட்டும் சொல்வார்கள். இப்படி ஒரு முள்மரத்துக்காக நெடுஞ்சாலையையே ஒதுக்கிப் போட்ட கதையும் இந்த நாட்டில் உண்டு என்றார் நோரா. எனக்குப் புல்லரித்தது. இதெல்லாம் உங்களுக்குப் பிடிபடுமா தெரியவில்லை. காலையில் பால் பாக்கெட், மாலையில் சீரியல், நடுவில் பிளாக் முழுவதற்கும் பிளவுஸ் தைப்பது என்று இருப்பவருக்கு முள்மரத்தின் அருமை எப்படித் தெரியும்?

சித்திரை மாதம் வீடியோ காலில் நான் கேட்டதற்குத்தானே இந்தக் கோபம்? "ஒரு பிடி மண்ணுக்காக நான் பிளேன் ஏறி வரணுமா?" என்று கேட்டேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சத்யா


நெய்வேலி
27 ஆகஸ்ட் 2025

சத்யா,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது உன் திமிரிலேயே தெரிகிறது.

புல்லரித்ததாமே. முள்மரத்தைப் பார்த்து! நம் வீரனார் கோயில் இலுப்பை மரத்தடிக்கு வரச் சொன்னால், "எறும்பு கடிக்குது, நான் ஆட்டோவிலயே ஒக்காந்துகினு இருக்கேன்" என்று போனை நோண்டிக்கொண்டிருந்தவள் நீ. இரண்டு மண்குதிரையும் ஒரு கல்லும் ஒரு வேலும் உனக்குக் கேவலமாக இருந்தது. அதே கல் ஏழு கடல் தாண்டிக் குளிரில் நின்றால் ஆயிரம் வருடத்து அதிசயம் ஆகிவிடுகிறது. நல்ல நியாயம்.

நீ என்ன கேட்டாய் என்பது உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஊர் நிலம் சுரங்கத்துக்குப் போகிறது. வீரனார் கோயிலும் அதற்குள் இருக்கிறது. புது மனையில் கோயில் கட்ட இடம் ஒதுக்கியாயிற்று. பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு போனால்தான் சாமி கூட வரும். உங்கள் வீட்டு வழக்கப்படி பங்காளி மண் வெட்ட வேண்டும், வீட்டில் பிறந்த பெண் அதை முந்தானையில் ஏந்த வேண்டும். உன் பெரியப்பாவுக்கு மூன்றும் பையன். எனக்கு ஒரே பையன். பிறந்த பெண் என்று இருப்பது நீ ஒருத்திதான். நீ இல்லாவிட்டால் மண் எடுக்க முடியாது, மண் எடுக்காவிட்டால் வீரனார் குழிக்குள் போவார். பங்காளிகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கும்போது போனுக்குள்ளிருந்து நீ கேட்ட கேள்வி அது. உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார். அன்றைக்குத்தான் உன் எண்ணை முடக்கினேன்.

அங்கே மரத்துக்காகச் சாலை வளைகிறது. இங்கே எந்த மரத்துக்காகவும் சுரங்கம் வளையாது, கரண்ட் எல்லோருக்கும் வேண்டுமே. அதனால்தான் நாம் மண்ணைத் தூக்கிக்கொண்டு நகர்கிறோம். இது உன் நோராவுக்குப் புரியும். உனக்குப் புரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

தை பிறந்த பின் நாள் பார்ப்பதாக முடிவு. வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் கெஞ்ச மாட்டேன்.

மலர்கொடி


ராஸ்காமன்
14 செப்டம்பர் 2025

அண்ணி,

கெஞ்ச மாட்டேன் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

வீரனாரைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். கல்யாணமாகி வந்த முதல் வருடம் கிடா வெட்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு புடவைக் கடைப் பையில் வாந்தி எடுத்தது யார்? கடலூரில் பி.லிட். படித்த பெண்ணுக்கு எங்கள் சாமி நாறியது. இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் டவுன்பஸ் ஏறிப் போய் விளக்குப் போடுகிறீர்கள் என்பதற்காக நான் தீபாராதனை காட்ட முடியாது. இது எனக்கு முதல் வருடம், தையில் லீவு கேட்டால் சிரிப்பார்கள். அதோடு எனக்கு நம்பிக்கையும் இல்லை. மண் மண்தான்.

இங்கே விஷயமே வேறு, அதைத்தான் உங்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. இவர்கள் கதையை மதிக்கிறார்கள். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளை விட்டு, வீட்டுப் பெரியவர்களிடம் ஊர்க்கதைகளைக் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். அரசாங்கமே அதைப் பாதுகாக்கிறது. நோராவின் அம்மா பத்து வயதில் எழுதிய ஒரு பக்கம் அதில் இருக்கிறது, நோரா படித்துக் காட்டினார். பக்கத்தில் ஒரு பெரிய மேடு இருக்கிறது. ஒரு காளைக்காகப் படை திரட்டிப் போன ராணியின் அரண்மனை அங்கேதான் இருந்தது என்கிறார்கள். அந்தக் காலத்து இலக்கியமே மாடு பிடிச் சண்டைதான். நம் ஊரில் யார் இதையெல்லாம் எழுதி வைத்தார்கள்?

இன்னொரு சங்கதி. காட்டோரத்தில் ஒரு புனிதக் கிணறு இருக்கிறது, அதன் மேல் ஒரு முள்மரம் சாய்ந்து நிற்கிறது. மரம் முழுக்கக் கந்தல். கைக்குட்டை, காலுறை, ரிப்பன், எல்லாம் பாசி பிடித்துத் தொங்குகிறது. பார்க்கவே சகிக்கவில்லை. எங்கள் நர்ஸ்களில் தமிழ்ப் பெண்களும் மலையாளப் பெண்களும் சேர்ந்து அக்டோபரில் ஒரு ஞாயிறு உழவாரப் பணி செய்யப் போகிறோம். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று வந்து பார்த்து அசந்துபோகட்டும்.

சத்யா


நெய்வேலி
28 செப்டம்பர் 2025

சத்யா,

வாந்தி எடுத்தேன், உண்மைதான். அப்போது உன் அண்ணன் பையன் என் வயிற்றில் இருந்தான். அது உனக்கு யாரும் சொல்லாத கதை. இதையும் ஏதாவது பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்து எழுதி வைக்கச் சொல்.

மாடு பிடிச் சண்டை அவர்களுக்குத்தான் இலக்கியமாமே. ஆநிரை கவர்வதற்கும் மீட்பதற்கும் தனித்தனியாகப் பூச்சூடிப் போன கூட்டம் நாம். செத்தவனுக்குக் கல் நட்டு, அந்தக் கல்லை இன்னும் கும்பிடுகிறோம். பள்ளிக்கூடத்தில் அந்தச் செய்யுளை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள்தானே நீ? பேப்பரைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் மறந்துவிட்டாய்.

உழவாரப் பணி செய்யப் போவதாக எழுதியிருக்கிறாய். உன் கடிதத்திலேயே உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். நம் கோயிலில் விளக்குமாற்றைத் தொடாத கை, வெள்ளைக்காரன் கோயிலிலாவது தொடட்டும். ஒன்று மட்டும் கேள். சாமிக்குக் கட்டிய துணியைக் குப்பையில் போடாதே, பாவம். எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொண்டுபோய் நன்றாகத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, திரும்பக் கட்டு. இங்கே நம் பிளாக் மாரியம்மன் கோயிலில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

புது மனையில் கோயிலுக்குக் கடைக்கால் தோண்டியாயிற்று. நான் தகவலுக்காகச் சொல்கிறேன், உன்னைக் கூப்பிடவில்லை.

மலர்கொடி


ராஸ்காமன்
19 அக்டோபர் 2025

அண்ணி,

உங்கள் யோசனைக்கு மிகவும் நன்றி. இந்த ஊரில் இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை.

சொன்னபடியே செய்தேன். மற்றப் பெண்கள் கிணற்றடியைச் சுத்தம் செய்ய, நான் ஒரு கூடைக் கந்தலை அவிழ்த்துக் கொண்டுவந்து, வாசனைப் பவுடர் போட்டு, மெஷினில் இரண்டு தடவை துவைத்து, வீட்டின் முன்னால் கொடியில் காயப்போட்டேன். அழகாக இருந்தது. படம் எடுத்து நடைக் குழுவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் நோரா காரில் வந்து இறங்கினார். கொடியைப் பார்த்தார். ஒரு கைக்குட்டையின் கிட்டே போய் அதன் ஓரத்துத் தையலைப் பார்த்தார். அவருடைய அக்கா தன் கண்ணுக்காகக் கட்டியதாம்.

பிறகு திட்டினார் பாருங்கள், உங்கள் திட்டெல்லாம் அதன் முன்னால் தாலாட்டு. நோய் பட்ட இடத்தில் துணியை வைத்து எடுத்து மரத்தில் கட்டுவார்களாம். மழையிலும் காற்றிலும் துணி மட்க மட்க நோயும் போகுமாம். மட்குவதற்காகத்தான் அதைக் கட்டுவதே. அதை அவிழ்ப்பவளுக்கு அந்த நோய் வரும், கட்டியவர்களுக்கு வேண்டுதல் முறியும். நான் ஊர் முழுவதின் வேண்டுதலையும் சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் எனக்கு மெட்ராஸ் ஐ. இல்லத்தில் நாலு பேருக்கு இருந்தது, எனக்கும் ஒட்டிக்கொண்டது. நான் நர்ஸ், எனக்குத் தெரியும். ஆனாலும் சிவந்த கண்ணோடு கடைக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே.

நோராவின் வீட்டுக்கே போய், என்ன செய்தால் சரியாகும் என்று கேட்டேன். துணிகளைத் திருப்பிக் கட்டு, கிணற்றை வலமாகச் சுற்று, உன் துணி ஒன்றையும் கட்டு என்றார். "கடையில் வாங்கிய ரிப்பன் வேண்டாம். போனால் உனக்கு வலிக்கிற துணியாக இருக்கட்டும்" என்றார். என்னிடம் அப்படி ஒரு துணிதான் இருந்தது. பிடிமண் ஏந்தும்போது உடுத்துவதற்கென்று குறிஞ்சிப்பாடித் தறியில் சொல்லி வாங்கி, நான் கிளம்பும்போது பெட்டியில் திணித்தீர்களே, அந்த அரக்குச் சேலை. அதன் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன்.

கிணற்றடிக்குக் கூடவே வந்திருந்த நோரா, அது எதற்கு வைத்திருந்த சேலை என்று கேட்டார். சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் வீட்டு மண்ணை ஏந்தப் போக மாட்டேன் என்றுவிட்டா எங்கள் கந்தலைத் துவைக்க வந்தாய்?" என்றார். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன். கண்வலியில் அழுதால் எப்படி எரியும் தெரியுமா?

தையில் வருகிறேன். லீவு கேட்டுவிட்டேன். உங்களுக்காக இல்லை, பெருமைப்படாதீர்கள். வேறு சேலை வாங்கி வையுங்கள், இந்தத் தடவையாவது நல்ல நிறமாக.

சத்யா


நெய்வேலி
4 நவம்பர் 2025

சத்யா,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்ததில் தையல் மெஷினில் ஊசி உடைந்தது. அயர்லாந்து போய் மெட்ராஸ் ஐ வாங்கியவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

சேலையைக் கிழித்தாய் என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தச் சேலைக்காக நான் நெசவாளர் வீட்டுக்கு மூன்று நடை நடந்தேன். முந்தானை மட்டும் அகலமாக வேண்டும், மண் கனம் தாங்க வேண்டும் என்று நின்று சொல்லி நெய்ய வைத்தேன். அதைக் கிழித்து முள்ளில் மாட்டியிருக்கிறாய். உன்னைச் சபிக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஏற்கெனவே ஒரு ஊரே சபித்திருக்கிறது, நான் எதற்கு?

துவைக்கச் சொன்னது நான்தான். அதற்காக மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. யாரிடமும் கேட்காமல் திருட்டுத்தனமாகச் செய் என்று நான் சொல்லவில்லை.

வருகிறேன் என்றாயே, உன் பெரியப்பாவிடம் சொன்னேன். "அதான பாத்தேன், ரத்தம் இல்ல? பொறந்த பொண்ணு பொறந்த பொண்ணுதான்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது நான் அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்த எரிச்சலில் அதை அவர் தலையில் ஊற்றியிருக்க வேண்டும். சத்யா, இதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், திரும்ப எழுத மாட்டேன். அந்த இலுப்பைக் கொட்டையைப் பொறுக்கி எண்ணெய் ஆட்டியது நான். மழையில் குதிரையின் காது உடைந்தபோது குயவரைக் கூட்டிப் போனது நான். பிரசவத்துக்குப் போன நாள் தவிர விளக்கு நின்றதில்லை. மண்ணை ஏந்த மட்டும் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவள் வர வேண்டும். எனக்கு வலிக்கிறது.

கதை கேட்டிருந்தால் நீயே தெரிந்துகொண்டிருப்பாய். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், நோராவிடம் காட்டிப் பீற்றிக்கொள். வீரனார் உங்கள் வம்சத்து ஆள். களவு போன மாட்டை மீட்கப் போய், மீட்டு ஓட்டிக்கொண்டு வந்து, இலுப்பை மரத்தடியில் வேல் பாய்ந்து விழுந்தார். வீட்டிலிருந்து அவர் தங்கை ஓடிவந்து, தலை மண்ணில் படாமல் முந்தானையில் ஏந்தினாள். அவள் மடியில்தான் உயிர் போனது. அதனால்தான் பிறந்த பெண் ஏந்த வேண்டும் என்பது வழக்கம். உன் பெரியப்பா வருடா வருடம் சொல்கிற கதை இது.

புதுச் சேலை வாங்கியாயிற்று. பச்சை. பிடிக்காவிட்டால் அதையும் மரத்தில் கட்டு.

மலர்கொடி


ராஸ்காமன்
7 டிசம்பர் 2025

அண்ணி,

டிக்கெட் எடுத்துவிட்டேன். போகிக்கு முன்தினம் சென்னையில் இறங்குகிறேன். அண்ணனை வரச் சொல்லுங்கள். வழி முழுக்க "சாப்ட்டியா" என்று மட்டும் கேட்டால் நான் பஸ் பிடித்துப் போய்விடுவேன்.

நோரா பேச ஆரம்பித்துவிட்டார். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன், "இன்னும் இல்லை, நடையில் கூட்டம் குறைகிறதே என்றுதான் பேசுகிறேன்" என்றார். அவருடைய கணவர் காலமெல்லாம் சதுப்பு நிலத்தில் நிலக்கரி போல எரிகிற கரி மண்ணை வெட்டி மின்நிலையத்துக்கு அனுப்பும் வேலையில் இருந்தவராம். இப்போது அதெல்லாம் மூடிவிட்டார்கள். நெய்வேலியைப் பற்றிச் சொன்னபோது முதன்முறையாக என்னை மனுஷியாகப் பார்த்தார்.

ஞாயிறு நடையில் வீரனார் கதையைச் சொன்னேன். நீங்கள் எழுதியதை அப்படியே சொன்னேன், என் சொந்தச் சரக்கு மாதிரி. எல்லோரும் பேசாமல் கேட்டார்கள். நோரா மட்டும் முகத்தைச் சுளித்தார். "எங்கள் பக்கத்தில் ஒரு கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். உங்கள் ஊரில் இதை ஒரே ஆள்தான் சொல்கிறாரா? அதுவும் ஆம்பளையா?" என்று கேட்டார். பிறகு இன்னொன்று கேட்டார். "அந்தக் காலத்தில் பெண்களைச் சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று நீதானே சொன்னாய். சண்டைக்குப் போகிற வயதில் இருந்தவனுடைய தங்கை எப்படி வீட்டில் இருந்தாள்? அவன் விழுந்தபோது அந்த வீட்டில் இருந்த பெண் யார்?"

உங்களுக்கு விடை தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் வழக்கம்போல என்னைத் திட்டி எழுதுங்கள்.

பச்சை எனக்குப் பொருந்தாது. உங்களுக்குத்தான் பொருந்தும். அது தெரிந்தேதானே வாங்கினீர்கள்?

சத்யா


நெய்வேலி
26 டிசம்பர் 2025

சத்யா,

நீ வந்து ஏந்த இனி அங்கே ஒன்றும் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ எப்படி வேண்டுமானாலும் அழுதுகொள்.

மழையில் ஓடை உடைத்துக்கொண்டு ஊருக்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஓடையைத் திருப்புகிற வேலையை உடனே செய்ய வேண்டும், பொங்கல் வரை காத்திருந்தால் மிச்சமிருக்கிற வீடுகளும் போகும் என்று சுரங்கத்து அதிகாரிகள் முறையாகவே வந்து சொன்னார்கள். திருப்புகிற வழியில்தான் இலுப்பை மரம் நின்றது. இரண்டு நாள் கொடுத்தார்கள்.

உன் எண்ணைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யோசித்தேன். சொல்லியிருந்தால் டிக்கெட்டை மாற்றுகிறேன் என்று ஓடி அலைந்திருப்பாய், நீ வந்து சேர்வதற்குள் மரம் இருந்திருக்காது. உன் அண்ணனிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். பேசாமலிருப்பதுதான் அவருக்குக் கைவந்த கலை ஆயிற்றே.

பங்காளிகள் மரத்தடியில் கூடினார்கள். உன் பெரியப்பா, "மார்கழியில மண்ணு எடுக்கக் கூடாது. பொறந்த பொண்ணும் இல்ல. அப்படியே வுட்ருங்க, சாமி தானா வந்து சேரும்" என்றார்.

"எப்படிங்க மாமா வரும், டவுன்பஸ்ல ஏறியா?" என்று கேட்டேன்.

யாரோ சிரித்தார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வந்த பொண்ணு வாயாடக் கூடாது. ஏந்துனது தங்கச்சி. அதான் முற" என்றார். அப்போதுதான் உன் கிழவியின் கேள்வியைக் கேட்டேன், என் கேள்வி மாதிரி. "அந்தத் தங்கச்சிய எந்த ஊருல குடுத்துருந்தாங்க மாமா? சேதி போயி, அவ வண்டி கட்டிக்கினு வர்ற வரைக்கும் தல மண்ணுலயா கெடந்துச்சு? அன்னைக்கு இந்த வூட்டுல இருந்த பொம்பள யாரு?" என்றேன். பின்னாலிருந்து ஒரு சித்தி, "அண்ணிக்காரியாத்தான் இருந்துருப்பா" என்றாள். அந்தச் சித்தி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இதை நோராவிடம் சொல்லாதே, அவளுக்குத் தலை கனத்துவிடும்.

உன் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். மற்றவர்களும் எழப் பார்த்தார்கள். அப்போது உன் அண்ணன் நைட் ஷிப்ட் முடித்த சட்டையோடு வந்து மண்வெட்டியை எடுத்தார். யாரையும் பார்க்கவில்லை. வேரோரமாக மூன்று வெட்டு வெட்டினார். "ஏந்து, மலரு" என்றார். இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

உனக்கு வாங்கிய பச்சைச் சேலையைத்தான் கட்டியிருந்தேன். மண் விழுந்தது. மழை மண், ஈரமும் கனமுமாக இருந்தது. இருபது வருடம் விளக்குப் போட்ட இடத்தின் மண் என் மடிக்கு வந்தபோது நான் அழுதேன். உன் பெரியப்பா பார்த்துவிட்டார், அது எனக்கு அவமானம். மண்ணைப் புது மனையில் வைத்தாயிற்று. தையில் கல் நிறுத்துகிறோம். அதற்குப் பிறந்த பெண் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், வா. இந்தத் தடவை ஆட்டோவில் உட்கார்ந்தால் இழுத்துப் போட்டு மிதிப்பேன்.

உனக்கும் ஒரு பிடி அனுப்பலாம் என்று தபால் ஆபீஸுக்குப் போனேன். வெளிநாட்டுக்கு மண் அனுப்பக் கூடாதாம். துணி அனுப்பலாமா என்று கேட்டேன், அதற்குத் தடையில்லை என்றார்கள். அதனால் மண்ணை ஏந்திய முந்தானையில் ஒரு துண்டைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். இப்போது உன் சேலை இரண்டுக்கும் முந்தானை இல்லை. கிளம்புவதற்கு முன்னால் நோராவையும் கூட்டிக்கொண்டு போய் அந்த முள்மரத்தில் கட்டிவிட்டு வா. ஓரத்தில் பழுப்பாக இருப்பது அழுக்கு இல்லை.

துவைத்துத் தொலைக்காதே.

மலர்கொடி